குரூஸ் கண்ட்ரோல் பழுதுக்கு எந்தக் கருவி? கை வேக்குவம் பம்ப், மல்டிமீட்டர், ஓபிடி ரீடர்: ஒரு விமர்சனம்

ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே காரின் வேகத்தைப் பிடித்து வைக்கும் குரூஸ் கண்ட்ரோல் படுத்துவிட்டது என்றதும் பலர் முதலில் வாங்குவது ஒரு புளூடூத் ஓபிடி ரீடர், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் பழுதுக் குறிகளைப் படிக்கும் கருவி. பழைய காரைப் பொறுத்தவரை, மூன்றில் கடைசியாக வாங்க வேண்டியது அதுதான். இந்தப் பழுதுகளில் பெரும்பகுதி பிரேக் பெடல் சுவிட்ச், விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், அறுந்துபோன ஸ்டியரிங் சுருள் கேபிள் (சக்கரத்தின் பட்டன்களைக் காரோடு இணைப்பது) போன்ற இடங்களில் இருக்கும். அங்கெல்லாம் என்ஜின் கம்ப்யூட்டரின் பார்வை போகாது, அல்லது அரைகுறையாகத்தான் போகும். கையால் அழுத்தும் வேக்குவம் பம்பும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் இந்த வேலைக்கு எவ்வளவு தூரம் போதும், ஓபிடி ரீடருக்கு எங்கே வேலை வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

எதையும் வாங்குவதற்கு முன் பானட்டைத் திறந்து திராட்டில் (என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு) பக்கம் இரண்டு நிமிடம் பாருங்கள். திராட்டில் லிவரில் இரண்டு கேபிள்கள் மாட்டியிருந்தால் ஒன்று ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து வருவது, மற்றொன்று திராட்டிலை இழுக்கும் குரூஸ் சர்வோவுக்குப் போவது. இரண்டாவது கேபிளைப் பிடித்துக்கொண்டே போங்கள். அது முடியும் டப்பாவில் மெல்லிய ரப்பர் ஹோஸ் சேர்ந்தால், காற்றுறிஞ்சலால் இழுக்கும் வேக்குவம் வகை. வெறும் மின் கப்ளர் மட்டும் இருந்தால் மோட்டார் வகை. திராட்டிலில் கேபிளே இல்லாமல் கப்ளர் மட்டும் இருந்தால் எலக்ட்ரானிக் திராட்டில். அதில் குரூஸுக்கென்று தனி சர்வோ கிடையாது, என்ஜின் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. முதல் வகைக்கு வேக்குவம் பம்ப் இல்லாமல் வேலை நடக்காது. இரண்டாவதற்கு மல்டிமீட்டர் போதும். மூன்றாவதற்கு மட்டுமே ஓபிடி ரீடர் காசுக்கு ஏற்ற பலன் தரும்.

இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும். குரூஸ் கண்ட்ரோல் பிறவிச் சந்தேகப்பிராணி. கண்பார்வையில்லாத பொறியாளர் ரால்ஃப் டீட்டர் இதற்கு 1950-இல் காப்புரிமை பெற்றார். 1958-இல் கிறைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்தது. பிரேக்கை மிதித்தால் விட்டுவிட வேண்டும் என்பதுதான் இதன் முதல் விதி. பிரேக் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், வேக சிக்னல், ஸ்டியரிங் பட்டன், மின்சாரம், எர்த், வேக்குவம் எல்லாம் ஒரே நேரத்தில் ‘சரி’ என்றால்தான் அது பிடிக்கும். ஒன்று முரண்டினாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே இங்கே தேட வேண்டியது உடைந்த பாகத்தை அல்ல, கிடைக்காமல் போன அனுமதியை. ஒவ்வொரு கருவியும் எத்தனை அனுமதிகளைப் பார்க்க வல்லது என்பதே இந்த விமர்சனத்தின் அளவுகோல்.

கை வேக்குவம் பம்ப்

மெக்கானிக்குகள் பலர் ‘மிட்டிவேக்’ என்ற பிராண்டுப் பெயரையே பொதுப்பெயராகச் சொல்கிறார்கள். துப்பாக்கி மாதிரி பிடி, மேலே வட்டமான கேஜ், முன்னால் ஹோஸ் மாட்டும் மூக்கு, விரலால் அழுத்தினால் காற்றை உள்ளே விடும் ரிலீஸ் லிவர். கேஜில் 0 முதல் 30 வரை பாதரச இன்ச் இருக்கும், பக்கத்திலேயே பார் அளவும் இருக்கும். 15 இன்ச் என்பது ஏறத்தாழ 0.5 பார், 20 இன்ச் என்பது 0.68 பார். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் போதும்.

கையில் வாங்கியதும் முதல் சோதனை பம்புக்குத்தான், காருக்கு அல்ல. மூக்கை ரப்பர் மூடியால் அடைத்து 20 இன்ச் ஏற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். ஊசி நகர்ந்தால் பம்பிலேயே கசிவு இருக்கிறது. அதைக் கொண்டு காரைச் சோதித்தால் நல்ல டயாஃபிரமையும் (சர்வோவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு) கெட்டது என்று தூக்கிப்போட வைக்கும். விலை குறைந்த பம்புகளில் இந்தக் கசிவு அடிக்கடி வருவது இரண்டு இடத்தில்: கேஜ் முறுக்கப்பட்டிருக்கும் மரை, பிஸ்டனின் ஓ-ரிங். மரையில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று, ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் ஒரு துளி, பெரும்பாலும் சரியாகிவிடும். அங்கே என்ஜின் ஆயில் போட வேண்டாம். பிளாஸ்டிக் உடல் பம்பில் கேஜை இறுக்கும்போது மரையோரம் விரிசல் விடும் ஆபத்து உண்டு. இந்த ஒரே காரணத்துக்காகவே உலோக உடல் பம்புக்குக் கூடுதல் பணம் தரலாம். கூடவே வரும் விதவிதமான அடாப்டர்களில் டி-இணைப்பும் கூம்பு வடிவ ரப்பர் முனையும் தவிர மற்றவை பெட்டியிலேயே தூங்கும்.

இனி காரில். என்ஜின் அணைந்திருக்க வேண்டும், சூடு ஆறியிருக்க வேண்டும். சர்வோவில் மின் இணைப்பே இல்லாத எளிய வகையாக இருந்தால் (பழைய வால்வோ 240, 740 கார்களில் சர்வோ தனி, மின்சார வேக்குவம் பம்ப் தனி) ஹோஸைக் கழற்றிவிட்டு நேராகப் பம்பை மாட்டி 15 இன்ச் ஏற்றுங்கள். திராட்டில் லிவர் தானாக நகர வேண்டும். ஒரு நிமிடம் காத்திருங்கள். ஊசி 2 இன்ச்சுக்கு மேல் இறங்கினால் டயாஃபிரமில் ஓட்டை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சர்வோவின் மேலேயே சோலினாய்டுகள் (மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள்) இருக்கும் வகையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஹோண்டா போன்ற பல கார்களில் மூன்று சோலினாய்டுகள் உண்டு: ஒன்று வேக்குவத்தை உள்ளே விடும், ஒன்று காற்றை விட்டு இழுப்பைத் தளர்த்தும், மூன்றாவது பாதுகாப்புக்கு. மின்சாரம் இல்லாத நிலையில் வேக்குவம் வால்வு மூடியிருக்கும், மற்ற இரண்டும் திறந்திருக்கும். அப்படி இருந்தால்தான் ஒயர் அறுந்தாலும் திராட்டில் தானாக மூடும். இந்த நிலையில் பம்பை மாட்டி அடித்தால் டயாஃபிரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திராட்டில் அசையாது. உடனே ‘சர்வோ போச்சு’ என்று முடிவு கட்டிப் புதிது வாங்குவது வீண் செலவு.

சரியான முறை இது. கப்ளரைக் கழற்றி, முதலில் ஒவ்வொரு சோலினாய்டின் எதிர்ப்பையும் அளந்துகொள்ளுங்கள். பல கார்களில் 30 முதல் 60 ஓம் வரம்பில் இருக்கும், உங்கள் காரின் துல்லிய எண் சர்வீஸ் மேனுவலில் உண்டு. பிறகு 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஜம்பர் ஒயரால் பேட்டரியிலிருந்து மூன்றுக்கும் 12 வோல்ட் கொடுங்கள். எந்தப் பின் எதற்கு, எது பாசிட்டிவ் என்பதை மேனுவலைப் பார்த்தே கொடுக்க வேண்டும். உள்ளே டையோடு இருந்தால் தலைகீழ் இணைப்பு அதைக் கருக்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் தரும்போது ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். இப்போது பம்பை அடித்தால் கேபிள் இழுபடும். வேக்குவம் சோலினாய்டின் மின்சாரத்தை மட்டும் எடுங்கள். கேபிள் அப்படியே நிற்க வேண்டும். அடுத்து பாதுகாப்பு சோலினாய்டின் மின்சாரத்தை எடுங்கள். கேபிள் சட்டென்று திரும்பி, திராட்டில் ‘டப்’ என்று மூட வேண்டும். மெதுவாக ஊர்ந்து திரும்பினால் அந்த சர்வோவைச் சாலைக்குக் கொண்டுபோகக்கூடாது. உள்ளே ஃபில்டர் அடைப்போ, கேபிள் உறையில் துருவோ இருக்கிறது.

பம்பின் உண்மையான மதிப்பு ஊசி இறங்கும் விதத்தில்தான் தெரியும். மின்சாரம் கொடுத்தபின் ஊசி ஏறவே இல்லை என்றால் ஏதோ ஒரு வால்வு திறந்தே கிடக்கிறது, அல்லது ஹோஸ் எங்கோ கழன்றிருக்கிறது. ஏறிவிட்டு, சீராக, மெல்ல இறங்கினால் டயாஃபிரமில் ஊசித்துளை அல்லது ஹோஸில் முடிவிரிசல். நன்றாக நின்றுவிட்டு, டப்பாவைத் திருப்புளியின் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் ‘படக்’கென்று விழுந்தால் வால்வு இருக்கையில் தூசி. கடைசி வகைக்குப் புது சர்வோ தேவையில்லை. நுரை ஃபில்டரை எடுத்துச் சுத்தம் செய்து, வால்வை ஐம்பது அறுபது முறை இயக்கினாலே பல நேரம் தெளிந்துவிடும்.

அடுத்தது வேக்குவம் வரும் வழி. மேட்டில் ஏறும்போது மட்டும் குரூஸ் கைவிடுகிறதா? திராட்டில் விரிய விரிய இன்டேக் வேக்குவம் சரியும், அந்த நேரத்துக்காகத்தான் சேமிப்புக் குடுவையும் ஒருவழி வால்வும் வைத்திருக்கிறார்கள். டி-இணைப்பில் கேஜை மாட்டி என்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். கடல்மட்டத்தில் ஆரோக்கியமான பெட்ரோல் என்ஜின் 17 முதல் 21 இன்ச் காட்டும். உயரம் 300 மீட்டர் கூடினால் ஏறத்தாழ 1 இன்ச் குறையும். இப்போது என்ஜினை அணையுங்கள். குடுவைப் பக்கம் ஊசி நிற்க வேண்டும். உடனே சரிந்தால் ஒருவழி வால்வு இருபக்கமும் விடுகிறது. அதைக் கழற்றி வாயால் ஊதினாலே தெரியும்: ஒருபக்கம் காற்று போகும், மறுபக்கம் போகக்கூடாது. அதற்குப் புதிது போடுவதுதான் வழி, ரிப்பேர் இல்லை.

ஹோஸில் நடுப்பகுதி எப்போதும் அழகாகத்தான் இருக்கும். வெடிப்பது முனையில், பொருத்தும் இடத்தில் கடைசி ஒரு சென்டிமீட்டர். நகத்தால் மடக்கிப் பாருங்கள். நீளம் இடம் கொடுத்தால் அந்த ஒரு சென்டிமீட்டரை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினாலே போதும்.

சில கார்களில், குறிப்பாக ஐரோப்பிய வகையில், பிரேக், கிளட்ச் பெடல்களில் மின் சுவிட்சுடன் ஒரு வேக்குவம் டம்ப் வால்வும் இருக்கும். சர்வோ முனையில் ஹோஸைக் கழற்றி, கேபினுக்குள் போகும் பக்கத்தில் பம்பை மாட்டி 15 இன்ச் ஏற்றுங்கள். பெடல் மேலே இருக்கையில் நிற்க வேண்டும். கையால் சற்று அழுத்தியதும் ‘புஸ்’ஸென்று பூஜ்யத்துக்கு வர வேண்டும். பெடல் மேலே இருந்தும் நிற்கவில்லை என்றால் வால்வைத் தாங்கியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, மறுபடி சோதியுங்கள். அதிகம் தள்ளி, பெடலை அது முட்டுக்கொடுத்து நிறுத்தும்படி ஆக்கிவிடாதீர்கள். இந்தச் சோதனையை வேறு எந்தக் கருவியாலும் இவ்வளவு எளிதாகச் செய்ய முடியாது. பம்புக்கு முழு மதிப்பெண் கிடைப்பது இங்கேதான்.

மல்டிமீட்டரும் ஒரு டெஸ்ட் லேம்ப்பும்

மல்டிமீட்டரில் விலை உயர்ந்தது வேண்டாம். மூன்று விஷயம் இருந்தால் போதும்: உடனடியாக ‘பீப்’ கொடுக்கும் கண்டினியூட்டி, 200 ஓம் வரம்பில் நிலையான எண், குறைந்தபட்சம்-அதிகபட்சம் பதிவுசெய்யும் பட்டன். மூன்றாவது மலிவு மீட்டர்களில் இருக்காது. விட்டுவிட்டு வரும் பழுதுக்கு அதுதான் உயிர்நாடி என்பதால் அதற்காக ஒரு படி மேலே போவது நியாயம். மீட்டரோடு வரும் தடித்த முனைகள் கப்ளரின் பின்பக்கத்தில் நுழையாது; ஊசி போன்ற பின்முனைகளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒயரின் மேலுறையைக் குத்தி அளக்கும் பழக்கம் வேண்டாம், அந்தத் துளை வழியே ஈரம் போய் அடுத்த வருடம் புதுப் பழுது முளைக்கும்.

ஃபியூஸ், மெயின் சுவிட்ச் விளக்கு இரண்டையும் பார்த்துவிட்டு நேராகப் பிரேக் பெடலுக்குப் போங்கள். அந்த சுவிட்சில் பொதுவாக இரண்டு ஜோடி இருக்கும்: பெடல் மேலே இருக்கையில் ஓப்பனாக இருப்பது பிரேக் விளக்குக்கு, மூடியிருப்பது குரூஸுக்கு. கப்ளரைக் கழற்றி அளந்தால் பெடல் மேலே இருக்கும்போது குரூஸ் ஜோடி 1 ஓமுக்குக் கீழ் காட்ட வேண்டும் (மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் 0.2, 0.3 ஓமை கழித்துக்கொள்ளுங்கள்). பெடலைச் சற்று அழுத்தியதுமே அது ஓப்பன் ஆக வேண்டும். இங்கே பலர் செய்யும் பிழை, பிரேக் விளக்கு எரிகிறது, ஆகவே சுவிட்ச் நல்லது என்று கடந்துபோவது. விளக்கு ஜோடி நன்றாக இருந்து குரூஸ் ஜோடி மட்டும் கருகியிருப்பது சாதாரணம். பெடல் மேலே இருக்கும்போது 5, 10, 40 என்று எண் தத்தளித்தால் சுவிட்சை மாற்ற வேண்டியதுதான்.

சுவிட்ச் நல்லதாக இருந்தும் குரூஸ் ஜோடி மூடவில்லையா? பெடல் தண்டில் சுவிட்சின் மூக்கு முட்டும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சிறு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பொத்தான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். பல ஜப்பானிய, கொரிய கார்களில் ஆண்டுகள் போனதும் அது நொறுங்கி, மிதியடியில் பொடிப்பொடியாகக் கிடக்கும். சுவிட்சின் மூக்கு அந்த ஓட்டை வழியே வெளியே நீண்டுவிடும். கார், பெடல் மிதிக்கப்பட்டிருப்பதாகவே நினைக்கும். பிரேக் விளக்கு அணையாமல் எரிவதும் காலையில் பேட்டரி இறங்கிக் கிடப்பதும் இதன் மற்ற அடையாளங்கள். அந்தப் பொத்தான் ஒரு சுண்டுவிரல் நக அளவுதான். காரில் மாட்டக்கூடிய உதிரிகளில் இதைவிட மலிவானது அநேகமாக இல்லை.

சுவிட்சின் இடைவெளியைச் சரிசெய்வது இரண்டு விதம். மரை உள்ளதில் பூட்டு நட்டைத் தளர்த்தி, மூக்கு முழுதும் உள்ளே போய் பெடலில் லேசாகப் பொருந்தும்வரை திருகி, கால் சுற்று முதல் அரை சுற்று பின்வாங்கிப் பூட்டலாம். பற்களில் (ராட்செட்) பிடித்துத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வகையில், பெடலை அழுத்திப் பிடித்து, சுவிட்சை முழுதும் உள்ளே தள்ளி, பிறகு பெடலை மெல்ல மேலே விட்டால் அதுவே இடம் பிடித்துக்கொள்ளும். காலால் ‘டபார்’ என்று விட்டால் அளவு தவறும்.

ஒரு எச்சரிக்கை. 1990-களின் ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில், பிரேக் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஒரு குரூஸ் துண்டிப்பு சுவிட்ச் இருந்தது. சாவி எடுத்த பிறகும் அதில் மின்சாரம் இருக்கும். உள்ளே திரவம் கசிந்து, நிறுத்தி வைத்த வண்டியே தீப்பிடிக்கும் அபாயம் என்று 1999 முதல் 2009 வரை பல கட்டங்களாக 1 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் காலத்து வண்டி கையில் இருந்தால் குரூஸ் வேலை செய்கிறதா இல்லையா என்பது அப்புறம். அந்தக் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். ஈரமோ பழுப்புப் படிவமோ இருந்தால் மாட்டாமல் விட்டுவிட்டு, திரும்ப அழைப்பு வேலை முடிந்ததா என்று வண்டி எண்ணை வைத்து முதலில் விசாரியுங்கள்.

மல்டிமீட்டர் ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. அதன் உள் எதிர்ப்பு பொதுவாக 10 மெகா ஓம். ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒயரிலும் அது 12 வோல்ட் என்று சந்தோஷமாகக் காட்டும். சுமை ஏறினால் அந்த 12 காணாமல் போகும். ஆகவே பவர், எர்த் இரண்டையும் சோதிக்க பல்பு வைத்த பழைய டெஸ்ட் லேம்ப்தான் உத்தமம்: பிரகாசமாக எரிந்தால் சரி, மங்கினால் வழியில் எங்கோ எதிர்ப்பு. குரூஸ் மாடியூலின் (குரூஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) எர்த்தை, அது இயங்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் மாடியூலின் எர்த் பின்னுக்கும் இடையே வோல்ட்டில் அளந்து பாருங்கள், 0.1 வோல்ட்டைத் தாண்டினால் பாடி எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் டெஸ்ட் லேம்ப்பை ஏர்பேக் ஒயரிலோ சென்சர் சிக்னல் ஒயரிலோ வைக்கவே கூடாது.

பிரேக் விளக்கு பல்பே குரூஸை நிறுத்தும் என்றால் பலர் நம்புவதில்லை. பல பழைய குரூஸ் மாடியூல்கள், பெடல் மேலே இருக்கும்போது பிரேக் விளக்கு ஒயர், பல்பின் இழை வழியே எர்த் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும். எல்லா பல்பும் போயிருந்தாலோ எல்லாவற்றையும் எல்இடி ஆக்கியிருந்தாலோ அந்த எர்த் கிடைக்காது, குரூஸ் பிடிக்காது. சோதனை எளிது: ஒரு பக்கம் பழைய இழை பல்பை மாட்டிப் பாருங்கள். பிடித்துவிட்டால் பழுது காரில் இல்லை, பல்பில்.

ஸ்டியரிங் பட்டன்கள் பெரும்பாலும் எதிர்ப்பு ஏணியாக அமைந்தவை. ஒரே ஒயரில் ஒவ்வொரு பட்டனும் வேறு வேறு ஓம் காட்டும், பூஜ்யத்துக்கு அருகிலிருந்து ஓரிரண்டு ஆயிரம் வரை. துல்லியமான எண் மேனுவலில் இருக்கும். அது கையில் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு பட்டனுக்கும் தனி எண் வருகிறதா, ஐந்து முறை அழுத்தினால் ஐந்து முறையும் அதே எண் வருகிறதா என்று பாருங்கள். இதை ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள கப்ளரில் அளந்தபடியே சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். நடுவில் எண் அறுந்தால் சுருள் கேபிள் போய்விட்டது. ஹாரனும் ஊமையாகி ஏர்பேக் விளக்கும் எரிந்தால் சந்தேகமே வேண்டாம். அதை மாற்ற ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும்: பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் முழுதும் காத்திருந்து, பிறகே கை வைக்க வேண்டும். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளருக்குள் மல்டிமீட்டர் முனை போகவே கூடாது. புது சுருளை நடுநிலைக்குக் கொண்டுவராமல் மாட்டினால் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துவிடும்.

வேக சென்சர் மூன்று ஒயர் வகையானால் ஒன்று பவர், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். கைபிரேக் போட்டு, எதிர்ச்சக்கரங்களுக்கு அடைகொடுத்து, இயக்கும் சக்கரம் ஒன்றை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள் (கைபிரேக் இயக்கும் சக்கரத்தையே பிடிக்கும் காரானால் அடைக்கட்டையை மட்டும் நம்ப வேண்டியிருக்கும்). சாவியை ஆனில் வைத்து நியூட்ரலில் அந்தச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சிக்னல் ஒயர் பூஜ்யத்துக்கும் 5 அல்லது 12 வோல்ட்டுக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். என்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டு இதைச் செய்ய வேண்டாம். ஸ்பீடோமீட்டர் ஊசி துடிக்கிறது, கூடவே குரூஸும் விட்டுவிட்டுப் பிடிக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எல்லா உள்வரவும் சரியாக இருந்தும் அசையாவிட்டால் மாடியூல். பழைய மெர்சிடிஸ் 124, 126 கார்களின் குரூஸ் ஆம்ப்ளிஃபயரில் சால்டர் இணைப்புகள் வளையமாக விரிசல் விடுவது பேர்பெற்ற பழுது. பலகையை வெளியே எடுத்து, சாய்வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் கப்ளர் பின்களைச் சுற்றிப் பாருங்கள். முடி போன்ற கரிய வளையம் தெரிந்தால் பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மேலேயே இன்னொரு சொட்டு போடுவது சில மாதம்தான் தாங்கும்.

ஓபிடி ரீடர்

அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்துதான் ஓபிடி-2 கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது, டீசலுக்கு அதற்கும் பிறகு. அதற்கு முந்தைய காரில் 16 பின் சாக்கெட்டே பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதில் சிலவற்றில் காரே பேசும்: 1990-களின் டொயோட்டாக்களில் டயக்னாஸ்டிக் பெட்டியின் டிசி, இ1 என்ற இரண்டு பின்களையும் ஒரு சிறு ஒயரால் இணைத்தால் குரூஸ் விளக்கு சிமிட்டிப் பழுதுக் குறி எண்ணைச் சொல்லும்; இரண்டு சிமிட்டல், இடைவெளி, ஒரு சிமிட்டல் என்று 21 வந்தால் வேக சிக்னல். பக்கத்துப் பின்னில் தவறிச் செருகினால் நஷ்டம், ஆகவே மூடியில் அச்சிட்ட எழுத்தை இரண்டு முறை படியுங்கள்.

சாக்கெட் இருக்கும் காரில் இஎல்எம்327 சிப் வைத்த மலிவு வகை ரீடர் பி0500 (வேக சென்சர்), பி0504 (இரு பிரேக் சிக்னல்களும் ஒத்துப்போகவில்லை), பி0571 (பிரேக் சுவிட்ச்), பி0704 (கிளட்ச் சுவிட்ச்), பி0565 முதல் பி0568 வரை (குரூஸ் பட்டன்கள்) போன்ற குறிகளைப் படித்துக் காட்டும். நல்லதுதான். ஆனால் குறி வரவில்லை என்பதால் பழுது இல்லை என்று ஆகிவிடாது. பிரேக் சுவிட்ச் ‘மிதித்திருக்கிறது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் பல கார்கள் அதைப் பழுதாகவே எண்ணாது.

உண்மையில் வேண்டியது நேரலைத் தரவு: பிரேக் ஆன்-ஆஃப், கிளட்ச் ஆன்-ஆஃப், எந்தப் பட்டன் அழுந்தியது. பொதுவான ஓபிடி செயலிகள் பெரும்பாலும் இதைக் காட்டாது. தயாரிப்பாளருக்கே உரிய மென்பொருள் வேண்டும். ஃபோர்டு, மாஸ்டாவுக்கு ஃபோர்ஸ்கேன் இதே மலிவு ரீடருடனும் ஓடும். ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களுக்கு விசிடிஎஸ் மென்பொருளில், பழைய பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றில் 066 அளவீட்டுத் தொகுதியில் பிரேக், கிளட்ச், பட்டன் நிலைகள் 0, 1 என்று அடுத்தடுத்துத் தெரியும். பெடலைத் தொடும்போது எந்த இலக்கம் மாறாமல் நிற்கிறதோ அந்த சுவிட்ச்தான். இந்த ஒரு திரை கிடைத்தால் மல்டிமீட்டரோடு டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுக்கும் அரைமணி நேரம் மிச்சம்.

நகல் சிப்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வி2.1’ என்று பீற்றிக்கொள்ளும் ரீடர்கள் பல, இஎல்எம் கட்டளைகளில் கணிசமானவற்றைப் புரிந்துகொள்ளாது. பி குறிகளைப் படிக்கும், ஃபோர்ஸ்கேன் போன்றவற்றோடு திணறும். பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல், வாங்கியதும் உங்கள் மென்பொருளோடு இணைத்துப் பார்த்து, இணையாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரீடர் ஒரு விஷயத்தில் முந்திக்கொள்ளும். எலக்ட்ரானிக் திராட்டில் கார்கள் பலவற்றில் செக் என்ஜின் விளக்கு எரிந்தாலே குரூஸ் முடக்கப்படும். சுபாருவில் குரூஸ் விளக்கு சிமிட்டவே செய்யும். காரணம் பெட்ரோல் டேங்க் மூடி சரியாக இறுகாததாகக்கூட இருக்கலாம். குரூஸ் பட்டனைக் கழற்றுவதற்கு முன் அந்தக் குறியைப் படித்து, அதைச் சரிசெய்துவிட்டு அழித்துப் பாருங்கள்.

சரிசெய்த பிறகு

எந்தக் கருவியால் பழுதைப் பிடித்தாலும், சோதனைக்காகப் போட்ட ஜம்பர் எதுவும் பிரேக் சுவிட்சைச் சுற்றி மிச்சமிருக்கக்கூடாது. முதல் ஓட்டம் நேரான, காலியான சாலையில். பழைய அமைப்புகள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழ் பிடிக்காது, எனவே 60-இல் பிடித்துப் பாருங்கள். பிறகு பிரேக் பெடலைக் காலின் பாரத்தால் மட்டும் தொடுங்கள், கார் வேகம் குறைவதற்கு முன்பே குரூஸ் விட்டிருக்க வேண்டும். மறுபடி பிடித்து கிளட்சில், மறுபடி பிடித்து கேன்சல் பட்டனில், கடைசியாக மெயின் சுவிட்சில். நான்கிலும் விட வேண்டும்.

பிடிக்கிறது, ஆனால் கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடுகிறது என்றால் திரும்ப வந்து சர்வோ கேபிளைத் தொட்டுப் பாருங்கள். திராட்டில் முழுதும் மூடிய நிலையில் ஓரிரண்டு மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சர்வோ முதலில் தளர்வை இழுத்து, பிறகுதான் திராட்டிலை இழுக்கும். அதற்குள் வேகம் சரிந்திருக்கும், ஈடுகட்ட அதிகம் இழுத்துவிடும். தளர்வே இல்லையென்றால் ஐடில் ஆர்பிஎம் கூடிவிடும். பூட்டு நட்டைத் தளர்த்தி உறையை நகர்த்தி, நட்டை இறுக்கியபின் ஒருமுறை ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்து விட்டு, தளர்வை மறுபடி விரலால் அளந்து பாருங்கள்.